சுலைமானியா, செலிமியா, நீல மசூதி: மூன்று அரச பள்ளிவாசல்கள், ஓர் ஒப்பீடு

உஸ்மானிய சுல்தான்கள் கட்டியவற்றில் கூட்டம் அலைமோதுவது இஸ்தான்புல்லின் சுல்தான் அகமது பள்ளிவாசலில். நீல மசூதி என்றால் எல்லோருக்கும் தெரியும். ஆனால் கட்டுமானத்தை வைத்து மதிப்பெண் போட்டால், மூன்று பெரிய அரச பள்ளிவாசல்களில் அதற்கு மூன்றாம் இடம்தான். முதலிடம் எடிர்னே நகரத்து செலிமியாவுக்கு. ஊருக்கு என்ன கொடுத்தது என்று கேட்டால் இஸ்தான்புல்லிலேயே உள்ள சுலைமானியா மற்ற இரண்டையும் முந்திவிடும்.

பெரிய குவிமாடம் எழுப்பும்போது கொத்தர்களைத் திணறடிப்பது அதன் உதைப்பு. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாகக் கட்டிய குவிமாடம் கீழே அழுத்துவதோடு நிற்காது. அடிவிளிம்பில் வெளிப்பக்கமாகவும் தள்ளும். அந்தத் தள்ளலைத் தூணோ அரைக்குவிமாடமோ உதைசுவரோ வாங்கித் தரைக்கு இறக்க வேண்டும். தூணைப் பருமனாக்கிவிட்டால் வேலை சுலபம். ஆனால் இது ஜும்ஆ என்ற வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு வருகிறவர்கள் தோளோடு தோள் ஒட்டி நிற்கிற இடம். நடுவே தூண் வந்தால் ஸஃப்பு, அதாவது தொழுகை வரிசை, அறுபடும், பின்னால் இருப்பவருக்கு மக்காவின் திசையைக் காட்டும் சுவர்மாடமான மிஹ்ராப் மறையும். எந்தப் பள்ளிவாசல் இந்த முடிச்சை எப்படி அவிழ்த்தது என்று பார்த்தாலே தரம் விளங்கிவிடும்.

சுலைமானியாவை 1550 முதல் 1557 வரை கட்டியவர் உஸ்மானிய அரசின் தலைமைக் கட்டடக் கலைஞர் மிமார் சினான். குவிமாடத்தின் குறுக்களவு சுமார் 26.5 மீட்டர், உயரம் அதைப்போல இரு மடங்கு, 53 மீட்டர். நான்கு பெருந்தூண்கள், வாசல் பக்கமும் கிப்லா (மக்காவை நோக்கிய) பக்கமும் ஒவ்வோர் அரைக்குவிமாடம். இது இஸ்தான்புல்லின் பழைய பைசாந்தியத் தேவாலயமான ஆயா சோஃபியாவின் அமைப்புதான். இடமும் வலமும் அரைக்குவிமாடம் இல்லாததால் அந்தப் பக்கத்துத் தள்ளலுக்கு உதைசுவர் வேண்டும். அதைச் சினான் சுவரின் இரு பக்கமும் பகிர்ந்து, பாதி உள்ளே, பாதி வெளியே வரும்படி வைத்தார். வெளியே துருத்தும் பகுதியை இரண்டடுக்குத் தாழ்வாரம் மூடிக்கொள்கிறது. முட்டுக்கொடுத்த அடையாளமே கண்ணில் படாது. பக்கக் கூடங்களையும் நடுக்கூடத்தையும் பிரிப்பவை ஒல்லியான கருங்கல் தூண்கள் என்பதால் பார்வை தடைப்படுவதில்லை.

நீல மசூதி 1609இல் தொடங்கி 1616இல் முடிந்தது. சினானின் மாணவரான செதெஃப்கார் மெஹ்மத் ஆகா கட்டியது. நாலு பக்கமும் நாலு அரைக்குவிமாடம். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி. இந்த வரைபடத்தைச் சினான் 1540களிலேயே ஷேஹ்ஸாதே பள்ளிவாசலில் செய்து பார்த்துவிட்டார். அடுத்த பெரிய வேலையில் அதைத் தொடரவில்லை. மெஹ்மத் ஆகா அதையே பெரிதாக்கினார். பலன், சுமார் 23.5 மீட்டர் குவிமாடத்தைத் தாங்க 5 மீட்டர் பருமனுள்ள நான்கு உருண்டைத் தூண்கள் கூடத்தின் நடுவே நிற்கின்றன. யானைக்கால் என்று பெயர் வந்ததில் வியப்பில்லை. உறுதியில் குறையே சொல்ல முடியாது. ஆனால் ஒரு தூணுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டால் மிம்பரை, அதாவது பிரசங்க மேடையை, பார்க்கும் ஆசையை விட்டுவிட வேண்டியதுதான்.

செலிமியாவில் சினான் நாலு தூண் கணக்கையே கைவிட்டார். எட்டுத் தூண்களை எண்கோணமாக நிறுத்தி, சுவரை ஒட்டித் தள்ளிவைத்தார். பாரம் எட்டாகப் பிரிந்ததால் ஒவ்வொரு வளைவும் குறுகியது, தள்ளலும் குறைந்தது, பெரிய அரைக்குவிமாடங்களுக்கே அவசியமில்லாமல் போயிற்று. குவிமாடம் 31 மீட்டருக்குச் சற்று மேல். நீல மசூதிக் குவிமாடத்தோடு ஒப்பிட்டால் பரப்பில் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு, அதுவும் நடுக்கூடத்தில் ஒரு தூண்கூட இல்லாமல். அகலத்தில் ஆயா சோஃபியாவுக்கு ஈடு. உயரத்தில் அதைவிடத் தாழ்வு. மூலைக்கு ஒன்றாக 70 மீட்டருக்கு மேல் எழும் நாலு மினாராக்களில் இரண்டில், மூன்று படிக்கட்டுகள் ஒன்றை ஒன்று சுற்றியபடி தனித்தனியே ஏறுகின்றன. தொழுகைக்கு அழைக்கும் மோதினார்கள் மூன்று பேர் ஒரே நேரத்தில் ஏறினாலும் வழியில் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது.

செலிமியாவிலும் ஒரு குறை உண்டு. தூணில்லாமல் கிடைத்த அந்தக் கூடத்தின் நட்ட நடுவில், பளிங்குத் தூண்கள் மேல் மோதினார் மேடையும் அதனடியில் ஒரு சிறு நீரூற்றும் வைத்தார்கள். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் தக்பீரை (‘அல்லாஹு அக்பர்’ முழக்கத்தை) எல்லாப் பக்கமும் எட்டச்செய்ய நடு இடம் தோதுதான். ஆனாலும் வாசலிலிருந்து மிஹ்ராபை நோக்கும் நேர்பார்வையை அது மறைக்கிறது.

சுவரில் பதித்த பீங்கான் ஓட்டு வேலைக்காகவே போகிறவர்களும் நீல மசூதியை நம்பிப் போய் ஏமாறுகிறார்கள். அங்கே இஸ்னிக் என்ற ஊரில் செய்த ஓடுகள் 20,000க்கு மேல் உண்டு. நல்லவை மேல்மாடத்துச் சுவரில், சுற்றுலாப் பயணியின் கண்ணுக்கு எட்டாத இடத்தில். தரையில் நின்று அண்ணாந்தால் தெரியும் நீலத்தில் பெரும்பகுதி வண்ணப்பூச்சு. அரண்மனை ஓட்டுக்கு விலையைக் கட்டிவைத்திருந்தது, விலைவாசியோ ஏறிக்கொண்டே போனது. 17ஆம் நூற்றாண்டில் தரம் இறங்கியதற்கு அது ஒரு காரணம். சிவப்பைப் பார்த்தால் போதும். 1550களிலிருந்து 70கள் வரையிலான ஓட்டில் அது தக்காளி நிறத்தில், விரலால் தடவினால் தட்டுப்படும் அளவுக்குத் தடித்து நிற்கும். பிந்தைய ஓட்டில் பழுப்படித்துத் தட்டையாகக் கிடக்கும், மேற்பூச்சிலும் தெளிவிருக்காது. நல்ல சிவப்பை சுலைமானியாவின் கிப்லா சுவரிலும், அதைவிடச் செழிப்பாகச் செலிமியாவின் மிஹ்ராபைச் சுற்றியும் பார்க்கலாம். செலிமியா ஓடுகள் சில 1877–78 போரில் ரஷ்யப் படையோடு போய்விட்டன.

சுலைமானியா ஒரு பேட்டை. மதரஸாக்கள், மருத்துவக் கல்லூரி, மருத்துவமனை, ஏழைகளுக்கான சமையற்கூடம், ஹம்மாம் எல்லாம் சரிவான குன்றில் படிப்படியாக அமைந்து வக்ஃபு (அறக்கட்டளை) வருமானத்தில் நடந்தன. கட்டுமானக் கணக்கேடுகள் இன்றும் இருக்கின்றன. வேலை செய்த கைவினைஞர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் கிறிஸ்தவர்கள் என்று அவற்றிலிருந்து தெரிகிறது. எண்ணெய் விளக்குகளின் கரிப்புகை காற்றோட்டத்தால் வாசலுக்கு மேலுள்ள ஓர் அறைக்குப் போய்ச் சேரும்படி கட்டினார்கள். அந்தக் கரியைச் சுரண்டி எழுத்து மை காய்ச்சினார்கள். செலிமியாவுக்குக் கீழே வருமானத்துக்கென்று ஒரு கடைவீதி பின்னால் சேர்ந்தது. நீல மசூதியைப் பொறுத்தவரை பெரிய போர்வெற்றி எதுவும் இல்லாமல் கருவூலப் பணத்தில் கட்டியது அன்றைய உலமாக்களுக்கு, அதாவது மார்க்க அறிஞர்களுக்கு, பிடிக்கவில்லை.

மூன்றையும் அரிப்பது தண்ணீர். குவிமாடத்தின் ஈயத்தகடு இணைப்பில் பிரிந்தால் ஈரம் காரைக்குள் இறங்கும். கல்லோடு கல்லை இணைத்த இரும்புக் கவ்விகளுக்கு ஈயம் உருக்கி ஊற்றியிருப்பார்கள். அந்த மூடல் விட்டுப்போனால் இரும்பு துருவேறிப் பருத்துக் கல்லைப் பிளந்துவிடும். சுலைமானியா இதற்கு மேல் 1660 தீவிபத்தையும் 1766 நிலநடுக்கத்தையும் தாங்கியது.

ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் சுலைமானியாவுக்குப் போங்கள். பெயாஸித் டிராம் நிறுத்தத்திலிருந்து நடந்தால் கீழே கரையோரத்து எமினோனு பக்கத்திலிருந்து ஏறும் ஏற்றம் மிச்சம். தொழுகை நேரங்களிலும் வெள்ளி மதியமும் பார்வையாளர்களை விடமாட்டார்கள். பெண்கள் தலைத்துணி கொண்டுபோவது நல்லது. இன்னொரு நாள் கிடைத்தால் அதை நீல மசூதிக்குக் கொடுக்காமல் எடிர்னேவுக்குக் கொடுங்கள். சுமார் 240 கிலோமீட்டர், காலையில் பேருந்து ஏறினால் இரவுக்குள் திரும்பிவிடலாம். செலிமியாவில் 2021இல் பெரிய சீரமைப்பு வேலை தொடங்கியது, அதனால் உள்ளே சாரம் நிற்கிறதா என்று விசாரித்துவிட்டுப் பயணச்சீட்டு வாங்குங்கள்.