புங்கங்கன்று: உயரத்தைப் பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான்

வாசலுக்கு நிழல் மரம் வேண்டும் என்று நர்சரியில் கேட்டால், மயிற்கொன்றையையும் (குல்மொஹர்), கோனோகார்பஸ் என்ற அயல்நாட்டு மரத்தையும்தான் பெரும்பாலும் முதலில் காட்டுவார்கள். புங்கங்கன்று எங்காவது ஒரு மூலையில் தூசி படிந்து கிடக்கும், நாமாகக் கேட்டு வாங்க வேண்டும். தமிழ்நாட்டுச் சமவெளி ஊர்களில் வீட்டு நிழலுக்கு அதை அடிக்க வேறு கன்று இல்லை. வேம்பு பக்கத்தில் வரும், ஆனால் ஆடு விட்டுவைக்காது. புங்கன் தழையை ஆடு அவ்வளவாகத் தேடுவதில்லை.

முதல் காரணம் இலை உதிர்க்கும் கணக்கு. மாசி, பங்குனியில் புங்கன் கொஞ்ச நாள் மொட்டையாக நிற்கும். பிறகு செம்பு நிறத்தில் தளிர் விட்டு, எலுமிச்சைப் பச்சையாகி, அக்னி நட்சத்திரம் பிறக்கும்போது குடை விரித்திருக்கும். மயிற்கொன்றை இதற்கு நேரெதிர்: கொளுத்தும் மாதங்களில் இலை குறைவு, பூதான் அதிகம். கிளையும் பொசுக்கென்று முறியும். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையைப் புரட்டிப்போட்டபோது தெருவில் சாய்ந்து கிடந்தவற்றில் மயிற்கொன்றையும் தூங்குமூஞ்சியும் ஏராளம். கோனோகார்பஸ் நடுவதை, சூழலுக்கும் உடல்நலத்துக்கும் கேடு என்று குஜராத் அரசு 2023-லேயே தடை செய்துவிட்டது.

மரத்தடிக் குளிர்ச்சி வெறும் நிழலால் வருவதில்லை. வேர் உறிஞ்சும் தண்ணீரை இலை ஆவியாக விடுகிறது, அதற்கு வேண்டிய சூட்டைச் சுற்றுப்புறத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறது. தகரக் கொட்டகை தானும் காய்ந்து, அந்தச் சூட்டை நம் தலையில் இறக்கும். சுவர் சூடேறாமல் இருக்க வேண்டுமென்றால் வீட்டுக்கு மேற்கே நடுங்கள், பிற்பகல் வெயில்தான் சுவரைச் சுடுவது. அவரைக் குடும்பத்து மரம் என்பதால் வேர் முடிச்சுகள் காற்றின் தழைச்சத்தையும் பிடித்து வைக்கும். வயலுக்கு உரமாகப் புங்கந்தழையைச் சேற்றில் மிதித்த காலம் ஒன்று இருந்தது.

இனி வாங்கும் விஷயம். எட்டடிக் கன்று கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கும், வாங்க வேண்டாம். சின்னப் பையிலேயே இரண்டு வருடம் கிடந்து வளர்ந்த கன்றின் ஆணிவேர் அடியில் முட்டி, கயிறு சுருட்டியதுபோல் வட்டமடித்திருக்கும். நட்ட பிறகும் அந்தச் சுருள் தானாகப் பிரியாது. ஐந்தாறு வருடம் நன்றாக நின்றுவிட்டு ஒரு பெருங்காற்றில் வேரோடு சாயும். பையைத் தூக்கி அடியைப் பாருங்கள். பென்சில் கனத்தில் வேர் பையைப் பிய்த்துக்கொண்டு தரைக்குள் இறங்கியிருந்தால், எடுக்கும்போது அது அறுந்து இலை வாடும். இரண்டு மூன்றடி உயரம், தண்டு சுண்டுவிரல் கனம், குச்சி இல்லாமல் தானாக நிற்பது: இந்தக் கன்று போதும். மூன்றாம் வருடம் பெரிய கன்றை எட்டிப்பிடித்துவிடும். விலையும் அதில் ஒரு பங்குதான்.

குழி இரண்டடி நீளம், அகலம், ஆழம். மேல்மண்ணைத் தனியே வைத்து, அதில் மூன்றில் ஒரு பங்கு மக்கிய தொழுவுரமும் ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும் கலக்கவும். பச்சைச் சாணம் போட்டால் கரையான் வரும். பையைப் பிளேடால் கீறி எடுங்கள், உருவினால் மண்கட்டி உடையும். அடியில் சுருண்ட மெல்லிய வேரை நறுக்கிவிடலாம். பைமண்ணின் மட்டமும் தரைமட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும். தண்டின் கழுத்தை மண்ணில் புதைத்தால் பட்டை அழுகும். அனுபவமில்லாதவர்கள் அதிகம் செய்யும் தப்பு இதுதான்.

புரட்டாசிக் கடைசியில் நட்டால் வடகிழக்குப் பருவமழையே பாதி வேலையைப் பார்த்துவிடும். முதல் கோடையில் வாரம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் ஒரு குடம். தினமும் ஒரு சொம்பு ஊற்றினால் வேர் மேலேயே படர்ந்துவிடும், ஆழத்துக்குப் போகாது. பாத்தியைத் தண்டிலிருந்து ஓரடி தள்ளிக் கட்டி, சருகால் மூடுங்கள். கம்பிக்கூண்டை மரம் பெருக்கும் முன் கழற்றாவிட்டால் கம்பி பட்டைக்குள் புதைந்து மரத்தை நெரிக்கும்.

குறைகளும் உண்டு. இலையில் கொப்புளம் கொப்புளமாக, பயறு ஒட்டியதுபோல் வரும். ஒரு வகைச் சிலந்திப்பேனின் வேலை. பார்க்க அசிங்கம், மரத்துக்குப் பெரிய சேதமில்லை. மோசமான கிளையைக் கழித்தால் போதும், மருந்தடித்துக் காசைக் கரைக்க வேண்டாம். கோடையில் பூ உதிர்ந்து வாசலெங்கும் பொரி கொட்டியதுபோல் கிடக்கும் (சங்கப் புலவர்களும் பொரியைத்தான் சொன்னார்கள்). தேனீக்களுக்குக் கொண்டாட்டம், பெருக்குகிறவர்களுக்குத் திண்டாட்டம். அடியில் காரை நிறுத்தினால் வைப்பர் பள்ளத்தில் பூ அடைத்துக்கொள்ளும். வேரிலிருந்தும் கன்று கிளம்பும், அதை மண்ணுக்குள் தோண்டி வேரோடு சேரும் இடத்தில் வெட்ட வேண்டும். மேலோடு கிள்ளினால் ஒன்று நாலாகும்.

சுவரிலிருந்து பன்னிரண்டடியாவது தள்ளி நடுங்கள். மின்கம்பிக்கு அடியில்தான் இடம் என்றால் புங்கன் வேண்டாம், வருடா வருடம் மண்டையை வெட்டிவிட்டுப் போவார்கள். அங்கே மந்தாரையோ பவளமல்லியோ வைக்கலாம்.