கணுக்கால்: மாற்றுவதா, ஒட்டவைப்பதா?

கத்திப்பாராவில் மேம்பாலம் வருவதற்கு முன், அந்த ரவுண்டானாவில் பைக்கோடு விழுந்தார் அப்பா. அன்று உடைந்த வலது கணுக்கால்தான் இன்று, 67 வயதில், அவரை நடக்கவிடாமல் செய்கிறது. முழங்கால் தேய்மானம் பெரும்பாலும் வயதோடு வருவது. கணுக்காலில் அப்படியில்லை, பெரும்பாலும் என்றோ பட்ட அடியின் மிச்சம்தான்.

டாக்டர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, தேய்ந்த மூட்டை எடுத்துவிட்டு உலோக மூட்டும் நடுவில் பிளாஸ்டிக் தகடும் வைப்பது. இன்னொன்று, எலும்புகளை ஸ்க்ரூ போட்டு ஒட்டவைப்பது. "மாத்தினா பழையபடி மடங்கும், ஒட்டவெச்சா கட்டையாயிடும்" என்றார்கள் சொந்தக்காரர்கள். இரண்டுமே பாதி உண்மைதான்.

நல்ல கணுக்கால் மேல்நோக்கிச் சுமார் 20 டிகிரியும் கீழ்நோக்கிச் சுமார் 50 டிகிரியும் மடங்கும். சமதரையில் நடக்க அதில் பாதிகூடத் தேவைப்படாது. மாற்று மூட்டு முழு அசைவைத் திருப்பித் தராது. இருக்கிற அசைவைக் காப்பாற்றி, வலியை எடுத்துவிடும். அறுவைக்கு முன் எவ்வளவு மடங்குகிறதோ, பின்னாலும் ஏறத்தாழ அந்த அளவில்தான் இருக்கும். ஏற்கெனவே இறுகிப்போன கணுக்காலில் மாற்று மூட்டு வைத்துவிட்டு அற்புதத்தை எதிர்பார்க்கக் கூடாது. அப்பாவுக்கு இன்னும் ஓரளவு மடங்குகிறது. எங்கள் கணக்கில் பெரிய விஷயம் இதுதான்.

ஒட்டவைத்தாலும் கால் மரக்கட்டை ஆகிவிடாது. பாதத்தின் மற்ற மூட்டுகள் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். ஆனால் அந்தக் கூடுதல் வேலையால் அவை வருடங்கள் போகப்போகத் தேயலாம். அடிப்பாகம் வளைந்த ஷூ போட்டால் நடை நன்றாகவே இருக்கும். ஆனால் நம் ஊரில் வீட்டுக்குள் ஷூ ஏது? பிரதோஷம் தவறாமல் கபாலீசுவரர் கோயிலை வெறுங்காலில் சுற்றுகிறவர் அப்பா. மாம்பலம் ஸ்டேஷன் படி இறங்கும்போது மேல்படியில் நிற்கிற காலின் கணுக்கால் நன்றாக மடங்கியாக வேண்டும். சரிவிலும் மெரினா மணலிலும்கூட அசைகிற மூட்டுக்குத்தான் சௌகரியம்.

அதற்காக மாற்று மூட்டுதான் எல்லாருக்கும் என்று சொல்லமாட்டேன். பிரிட்டனில் 50 முதல் 85 வயதுக்காரர்களிடம் இரண்டையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2022-இல் வந்தது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது நடப்பதிலும் நிற்பதிலும் இரு தரப்புமே நன்றாகத் தேறியிருந்தார்கள், இடையில் உறுதியாகச் சொல்லக்கூடிய வித்தியாசம் இல்லை. மாற்று மூட்டில் தையல் புண் ஆறுவதில் சிக்கல் அதிகம். ஒட்டவைத்ததில் சிலருக்கு எலும்பு சேராமலே போனது.

பெரியப்பா மகன் கோயம்பேட்டில் மூட்டை தூக்குகிறான், வயது 38. அவனுக்கும் இதே தேய்மானம். அவனுக்கு ஒட்டவைப்பதுதான் நல்லது என்பேன். மாற்று மூட்டின் பிளாஸ்டிக் தகடு பாரத்தில் தேயும். அவன் வயதுக்கு மறுபடி கத்தி வைக்க வேண்டிவரும். சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர்களுக்கும் பொதுவாக மாற்று மூட்டு வைப்பதில்லை. பாதத்தில் தொடு உணர்வு இருக்கிறதா என்று முதலில் சோதித்துக்கொள்ளுங்கள்.

குத்தவைத்து உட்கார நினைப்பவர்களுக்கு இரண்டுமே உதவாது. அதற்கு வேண்டிய மடக்கம் எதிலும் கிடைக்காது. வெஸ்டர்ன் டாய்லெட்தான் வழி.

ஒட்டவைத்தால் எலும்பு சேரும்வரை, பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வாரம், காலை ஊன்றக் கூடாது. மாற்று மூட்டில் பொதுவாக அதற்கு முன்பே ஊன்றவிடுகிறார்கள். புண் ஆறியதும் பிசியோ தொடங்கிவிடும். இரண்டிலும் வீக்கம் முழுக்க வடியப் பல மாதம் ஆகும்.

அப்பாவுக்கு மாற்று மூட்டு என்று முடிவு செய்துவிட்டோம். எங்கள் வீடு இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அதனால் முதல் சில வாரத்துக்குக் கீழ்வீட்டு அறையைக் கேட்டு வாங்கியிருக்கிறேன். அங்கே பாத்ரூமில் பிடிமானக் கம்பி பொருத்த நாளைக்கு ஆள் வருகிறார்.