டி.எஸ்.எச். மட்டும் போதுமா, முழு தைராய்டு ப்ரொஃபைல் வேண்டுமா?

லேப்பில் போய் "தைராய்டு டெஸ்ட்" என்று மட்டும் சொன்னால், பெரும்பாலும் டி3, டி4, டி.எஸ்.எச். மூன்றும் சேர்ந்த ப்ரொஃபைலைத்தான் எடுப்பார்கள். மூன்று எண் வருவதால் அதுதான் முழுமையான டெஸ்ட் என்று பலரும் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், முதல்முறை பார்க்கும் பெரும்பாலானவர்களுக்கு டி.எஸ்.எச். ஒன்றே போதும்.

டி3-உம் டி4-உம் தைராய்டு சுரக்கும் ஹார்மோன்கள். டி.எஸ்.எச். என்ற ஹார்மோன் தைராய்டில் சுரப்பதில்லை. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி அதைச் சுரந்து தைராய்டை வேலை வாங்குகிறது. தைராய்டு கொஞ்சம் சுணங்கினாலே போதும், டி4 நார்மலில் இருக்கும்போதே டி.எஸ்.எச். ஏறிவிடும். பெரியவர்களுக்குச் சுமார் 0.4 முதல் 4 வரை நார்மல்; லேபுக்கு லேப் சற்று மாறும்.

டி.எஸ்.எச். இந்த வரம்புக்கு வெளியே வந்தால் அடுத்து எடுக்க வேண்டியது ஃப்ரீ டி4, அதாவது புரதத்தோடு ஒட்டாத டி4. ப்ரொஃபைலில் வரும் டி4 அது இல்லை, மொத்த டி4. ரத்தத்தில் இருக்கும் டி4-இல் 99 சதவீதத்துக்கு மேல் புரதத்தோடு ஒட்டிக்கிடக்கும். ஒட்டாத துளிதான் வேலை செய்யும். கர்ப்பத்திலும், ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை சாப்பிடும்போதும் அந்தப் புரதம் கூடும், மொத்த டி4-உம் கூடவே ஏறும். ஐந்து மாதக் கர்ப்பிணிக்கு டி.எஸ்.எச். 2.1, மொத்த டி4 14 என்று வந்து, பக்கத்தில் தடித்த எழுத்தில் 'ஹை' என்று இருந்தால் வீட்டில் எல்லோரும் பதறிப்போவார்கள். பெரும்பாலும் அங்கே நோயே இருக்காது.

டி3? தைராய்டு குறைவுக்கு அதனால் பெரிய பயனில்லை, பெரும்பாலும் நார்மலாகவே நிற்கும். டி.எஸ்.எச். மிகவும் இறங்கியிருந்தால் மட்டும் அவசியம். சிலருக்கு டி3 மட்டுமே ஏறியிருக்கும்.

டி.எஸ்.எச். தனியாக ஏமாற்றும் இடமும் உண்டு. பிட்யூட்டரியிலேயே கோளாறு என்றால் டி.எஸ்.எச். நார்மலாகவே தெரியலாம், ஆனால் ஃப்ரீ டி4 குறைந்திருக்கும். தைராய்டு மாத்திரையின் அளவை மாற்றினால் ஆறு வாரம் கழித்துத்தான் டி.எஸ்.எச். நிலைக்கு வரும், அதற்குள் எடுப்பது வீண் செலவு. அப்புறம், டி.எஸ்.எச். 6, ஃப்ரீ டி4 நார்மல் என்றால், கர்ப்பமோ அதற்கான திட்டமோ இல்லாதவர்கள் இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்துவிட்டு மாத்திரையைப் பற்றி டாக்டரிடம் பேசலாம். பலருக்கு அது தானாகவே இறங்கிவிடும்.

எந்த டெஸ்ட் எடுத்தாலும், முடி உதிர்வுக்குப் பயோட்டின் சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டு இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள். சில கருவிகளில் அது டி.எஸ்.எச்.-ஐக் குறைத்தும் ஃப்ரீ டி4-ஐக் கூட்டியும் காட்டும்.