திருகோணமலையில் புள்ளிவிபரம் படிப்பவர்களுக்கு: ஆர் மென்பொருளின் டைட்டானிக் அட்டவணை

புள்ளிவிபரக் கணிப்புக்கான ஆர் (R) மென்பொருள் இலவசம். விண்டோஸுக்கான கோப்பு நூறு எம்பிக்குள் அடங்கும்; ஒருவர் இறக்கிப் பென் டிரைவில் போட்டால் கோணேசபுரிப் பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு வகுப்புக்கே போதும். டைட்டானிக் அட்டவணை கூடவே வருவதால் பிறகு இணையம் தேவையில்லை. அட்டவணையின் பெயரை Titanic என்று, முதல் எழுத்தை மட்டும் பெரிய எழுத்தில் அடியுங்கள், இல்லாவிட்டால் கிடைக்காது.

1912இல் அந்தக் கப்பலில் இருந்த 2201 பேரை வகுப்பு, பால், வயது, தப்பினாரா என்ற நான்கு வகையில் பிரித்திருக்கிறார்கள். தப்பியவர் 711. இது ஆளுக்கொரு வரிப் பட்டியல் அல்ல. தரவுச் சட்டகமாக (data frame) மாற்றினால், வகைகளின் ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஒன்றாக 32 வரிதான் வரும். ஒவ்வொரு வரியிலும் எத்தனை பேர் என்று காட்டும் எண்ணிக்கை நிரலை (Freq) மறந்து வரிகளை எண்ணுபவருக்கு 16 தப்பினர், 16 இறந்தனர் என்று அபத்தமான பாதிக்குப் பாதி கிடைக்கும். புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். எந்தப் புள்ளிவிபர மாதிரியுருவை (model) இட்டாலும் அந்த நிரலை நிறையாக (weights) கொடுங்கள்.

வகுப்புவாரியாகத் தப்பியோர்: முதல் வகுப்பு 62.5 வீதம், இரண்டாம் வகுப்பு 41.4, மூன்றாம் வகுப்பு 25.2, ஊழியர் 24.0. வகுப்புக்கும் தப்புதலுக்கும் தொடர்பு உண்டா என்று சோதிக்கும் கைவர்க்கப் (chi-square) பெறுமானம் 190.4, சுயாதீன அளவு (degrees of freedom) 3. பலர் இத்தோடு அறிக்கையை முடித்துவிடுகிறார்கள். தயவுசெய்து முடிக்காதீர்கள். மூன்றாம் வகுப்பு ஊழியரை விடச் சற்று மேலே தெரிகிறதல்லவா? பால் வாரியாகப் பிரித்தால் அது தலைகீழாகிறது: ஆண்களில் ஊழியர் 22.3, மூன்றாம் வகுப்பு 17.3, பெண்களில் ஊழியர் 23க்கு 20, மூன்றாம் வகுப்பு 196க்கு 90. ஊழியர் 885 பேரில் பெண்கள் வெறும் 23 என்பதே காரணம். மொத்தத்தில் தெரியும் போக்கு குழுக்களாகப் பிரித்ததும் தலைகீழாகும் சிம்ப்சன் முரணைக் கற்பிக்க இதைவிட நல்ல உதாரணம் எங்களுக்குத் தெரியாது. இரண்டாம் வகுப்பு ஆண்களையும் பாருங்கள், 14.0 வீதம்தான், மூன்றாம் வகுப்பு ஆண்களை விடக் குறைவு.

குறை சிறிய கட்டங்களில் இருக்கிறது. முதல் இரு வகுப்புகளின் 30 பிள்ளைகளும் தப்பினர், ஊழியரில் பிள்ளைகளே இல்லை. வகுப்பையும் வயதையும் பெருக்கி, தப்பும் வாய்ப்பைக் கணிக்கும் லொஜிஸ்டிக் மாதிரியுருவில் இட்டால் நியமவழு (standard error) பூதாகரமாகும். பிள்ளைகளைத் தனியே எடுத்து, 30க்கு 30, மூன்றாம் வகுப்பில் 79க்கு 27 என்று எண்ணாகவே எழுதி, சிறிய எண்ணிக்கைகளுக்கும் பொருந்தும் ஃபிஷர் சோதனை செய்யுங்கள்.

இதே முறையை 2004 சுனாமிக்கு, கிண்ணியா, நிலாவெளிக் கரைகளுக்குப் பயன்படுத்த நினைப்பவர்கள் முதலில் பகுதியெண்ணை, அதாவது அன்று கரையில் இருந்தோரின் மொத்தத்தைத் தேட வேண்டும். இறந்தோர் பட்டியல் பின்னத்தின் மேலெண்ணான தொகுதியெண்ணை மட்டுமே தரும். வாக்காளர் இடாப்பில் பிள்ளைகள் இல்லை. அன்று ஞாயிறும் போயாவுமாக இருந்ததால், பதிவில் உள்ளவர்தான் அந்தக் காலை கரையில் இருந்தார் என்றும் கொள்ள முடியாது. தப்பியவர்களிடம் கேட்டு எண்ணினாலோ, முழுவதுமாக அழிந்த குடும்பங்கள் கணக்கில் வரவே மாட்டா. அவர்களை அயலவர் வழியாகத் தனியே பதிந்துகொண்ட பிறகே அட்டவணையைக் கட்டத் தொடங்குங்கள்.