தெருவோர சார்ஜிங்: 3.3 கிலோவாட் ஏசி பாக்ஸா, 30 கிலோவாட் டிசியா?

கும்பகோணம், மன்னார்குடி மாதிரி ஊர்களில் வண்டி நிறுத்தும் தெருவோரத்தை மின்சார வண்டிகளுக்குச் சார்ஜிங் இடமாக மாற்றக் கேட்பவர்கள் கடைசியில் இரண்டில் ஒன்றில்தான் வந்து நிற்கிறார்கள்: 3.3 கிலோவாட் ஏசி (வீட்டுக்கு வரும் அதே கரண்ட்) சாக்கெட் பாக்ஸ்கள் வரிசையாக, இல்லை சிசிஎஸ்-2 கன் (காரில் செருகும் வேக சார்ஜிங் பிளக்) வைத்த 30 கிலோவாட் டிசி (பேட்டரிக்கு நேராக ஏற்றும்) மெஷின் ஒன்று. எங்கள் ஓட்டு ஏசிக்கு.

வேகத்தில் டிசிதான். 24 யூனிட் பேட்டரி உள்ள சின்னக் கார் பத்திலிருந்து எண்பது சதவீதம் ஏற ஒரு மணி நேரம் போதும். ஏசியில் ராத்திரி முழுக்க நிற்க வேண்டும். ஆனால் தெருவில் நிற்பதில் பெரும்பாலானவை ஸ்கூட்டர். அவற்றுக்கு சிசிஎஸ் கன் பொருந்தாது. ஒரு டிசி விலைக்குப் பத்து பாக்ஸுக்கு மேல் வைக்கலாம்.

முடிவு செய்வது பராமரிப்பு. டிசிக்குள் ஃபேன் ஓயாமல் காற்றை இழுக்கும். சம்பா அறுப்பில் ரோட்டிலேயே நெல் காயும் ஊரில் சுணை போய் ஃபில்டரை அடைக்கும்; மாட்யூல் (ஏசியை டிசியாக மாற்றும் பாகம்) சூடேறி பவர் இறங்கும். லைன் கடைசியில் வோல்டேஜ் விழுந்தால் மெஷின் நின்றுவிடும். மாட்யூல் போனால் உள்ளூர் எலக்ட்ரீஷியன் கைவைக்க முடியாது. கம்பெனி ஆள் வரும்வரை இடம் சும்மா கிடக்கும், பெட்ரோல் கார் வந்து நிற்கும். பாக்ஸில் கெடுவது சாக்கெட்டும், கரண்ட் கசிந்தாலோ அளவு மீறினாலோ தானாக ட்ரிப் ஆகும் சுவிட்சான ஆர்சிபிஓவும். உபரி ஒன்றிரண்டு கையில் இருந்தால் அரை மணி நேர வேலை. ஒன்று போனாலும் மற்றவை ஓடும்.

அதற்காக ஏனோதானோ என்று மாட்டக் கூடாது. வரிசையில் மூன்று சாக்கெட் என்றால், மூன்றையும் ஒரே ஃபேஸில் போட்டால் 45 ஆம்பியர். ஃபேஸுக்கு ஒன்றாகப் பிரித்து, 4 கோர் 10 ச.மி.மீ. அலுமினிய ஆர்மர்டு கேபிள் கொடுங்கள். அப்படிப் பிரித்தபின் நியூட்ரல் கட்டானால் சாக்கெட்டில் 400 வோல்ட் வரை ஏறும். வோல்டேஜ் ஏறினால் சப்ளையைத் துண்டிக்கும் ஓவர்வோல்டேஜ் ரிலே கட்டாயம். சாக்கெட்டுக்குத் தனித்தனியாக 20 ஆம்பியர், 30 மில்லியாம்பியர் கசிவுக்கே ட்ரிப் ஆகும் டைப் ஏ ஆர்சிபிஓ. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்றே போட்டால் ஐப்பசி மழையில் ஒரு சாக்கெட் நனைந்ததும் வரிசை மொத்தமும் ட்ரிப்.

எர்த்தில்தான் டெல்டா ஏமாற்றும். மார்கழியில் களிமண் ஈரமாக இருக்கும், எர்த் ரெசிஸ்டன்ஸ் ரீடிங் அருமையாக வரும். மேட்டூரை வழக்கப்படி ஜனவரி 28-ல் மூடி ஜூன் 12-ல் திறப்பதற்குள் மண் காய்ந்து வெடித்து, எர்த் பைப்பைச் சுற்றி இடைவெளி விழுந்துவிடும். மே மாதம் அளந்து 5 ஓமுக்குள் இருந்தால்தான் கணக்கு. காப்பர் பூசிய 3 மீட்டர் ராட் இரண்டு, 3 மீட்டர் தள்ளி, சுற்றிலும் பென்டோனைட் (ஈரத்தைப் பிடித்துவைக்கும் களிமண் தூள்). உப்பும் கரியும் போட்ட ஜிஐ பைப்பை உப்பே அரிக்கும். எர்த் இல்லையென்றால் கார் சார்ஜர் சிவப்பு விளக்கு காட்டி மறுக்கும். பல ஸ்கூட்டர் சார்ஜர்கள் வாயைத் திறக்காமல் ஏற்றிக்கொண்டே இருக்கும். ஷாக் அடிப்பது வண்டியைத் தொடுகிறவருக்கு.

சாக்கெட் ரோட்டிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கட்டும். பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போடுகிற ஊரில் உயரம் தானாகக் குறையும். ஸ்கூட்டர் பிளக் உள்ளே மாட்டியபடி கதவு மூடி, வயர் அடியில் வெளியேற வேண்டும். கேபிள் நுழையும் ஓட்டையை கிளாண்ட் போட்டு அடைக்காவிட்டால் எறும்பு கூடு கட்டும், பல்லி டெர்மினலுக்கு நடுவே செத்துக் கிடக்கும்.

தேரோடும் வீதிகளில் தூணே ஊன்ற வேண்டாம், சுவரில் மாட்டுங்கள். டிசியின் கான்கிரீட் மேடை அங்கே வடம் பிடிப்பவர்களுக்கு இடைஞ்சல். நாகை, வேளாங்கண்ணிப் பக்கம் உப்புக் காற்றுக்கு இரும்புப் பெட்டி ஆகாது, பாலிகார்பனேட் வாங்குங்கள். அதுவும் எத்தனை வருஷம் தாங்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டோம்.

டிசி வைத்தே ஆக வேண்டும் என்றால் விக்கிரவாண்டி–தஞ்சாவூர் சாலையில் ஓட்டல் வளாகம் பார்த்து, கூரை போட்டு, ஃபில்டர் கழுவ ஆள் வைத்து வையுங்கள்.