ரீபோர் என்று பணம் வாங்கினார்கள். எஞ்சினுக்குள் ரீபோர் நடக்கவே இல்லை

எங்கள் பழைய மாருதி 800 காரின் எஞ்சினை முழுவதும் இறக்கி, மூன்று சிலிண்டர்களையும் 0.50 மி.மீ. ரீபோர் செய்து (தேய்ந்த உட்சுவரைக் கடைந்து துளையைப் பெரிதாக்கி), அதற்கேற்ற பெரிய அளவில் புதிய பிஸ்டனும் ரிங்கும் போட்டுத் தருவதாகச் சொல்லிப் பணம் பெற்ற ஒரு பட்டறை எங்களை ஏமாற்றிவிட்டது. அத்தனைக்கும் ரசீது இருக்கிறது, வேலைதான் இல்லை.

வண்டி வந்த நாளிலிருந்தே ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது) உதறியது, நீலப் புகை விட்டது. மூன்று சிலிண்டர் எஞ்சின் அப்படித்தான் உதறும் என்றார் பட்டறைக்காரர். ஓரளவு உண்மை என்பதால் அதை உடனே மறுக்கவும் முடியவில்லை. பிறகு, ரிங் செட் ஆக ஆயிரம் கிலோமீட்டராவது ஓட வேண்டும் என்றார். புதிய ரிங் சிலிண்டர் சுவரில் படிய ஓட்டம் தேவை என்பது சரியே. ஆனால் அதனால் குறையும் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படும் அளவு, எல்லாச் சிலிண்டர்களிலும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் குறைந்திருக்கும். ப்ளக் துளையைக் கட்டைவிரலால் அடைத்து, ஸ்டார்ட்டரைச் சுழற்றி, காற்று விரலைத் தள்ளுகிறது பாருங்கள் என்று அவர் காட்டியது சோதனையே அன்று. 90 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) இருந்தாலும் விரலைத் தள்ளும், 160 பிஎஸ்ஐ இருந்தாலும் தள்ளும்.

வேறொரு மெக்கானிக் எஞ்சினைச் சூடாக்கி, மூன்று ப்ளக்குகளையும் கழற்றி, இக்னிஷன் காயிலின் இணைப்பை எடுத்துவிட்டு, ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தபடி, ஸ்டார்ட்டரைச் சுழற்றி, கம்ப்ரஷனை அளக்கும் கேஜ் வைத்துப் பார்த்தபோது, முதல் சிலிண்டர் 155, மூன்றாவது 150, நடுச் சிலிண்டர் 95 எனக் காட்டின. (ஆக்சிலரேட்டரை மிதிக்காமலோ, பேட்டரி இறங்கிய நிலையிலோ பார்த்தால் எல்லா எண்களும் பொய்யாகக் குறையும்.) நடுச் சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பார்த்ததும், ரிங்கைச் சுற்றியுள்ள இடைவெளியை ஆயில் சற்று நேரம் அடைத்ததால், 95 என்பது 135 ஆனது. வால்வு சரியாக அமராததோ ஹெட் கேஸ்கெட் கசிவதோ காரணமாக இருந்திருந்தால் ஆயிலால் இவ்வளவு ஏறியிருக்காது. அழுத்தம் ரிங்கைத் தாண்டிக் கீழே போகிறது என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

ஹெட்டைக் கழற்றினால், சிலிண்டர் வாயருகே நகத்தில் தட்டுப்படும் பழைய தேய்மானப் படி அப்படியே இருந்தது. ரீபோர் செய்திருந்தால் முதலில் மறைந்திருக்க வேண்டியது அதுதான். பிஸ்டன் தலையில் மிகையளவைக் குறிக்கும் எண் இல்லை. கடைந்த சுவரைத் தேய்த்துச் சீராக்கும் ஹோனிங் வேலை விட்டுச்செல்லும் குறுக்குக் கோடுகளும் இல்லை. தேய்ந்து வட்டம் கெட்ட சிலிண்டர் துளைகளில், அதிலும் நடுச் சிலிண்டர் மிக மோசமாக இருந்த நிலையில், புது ரிங்கை மட்டும் செருகிவிட்டு, பிளாக்குக்குப் பெயின்ட் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். பெயின்ட் வேலை நேர்த்தி என்பதை மறுப்பதற்கில்லை.

எஞ்சின் வேலைக்கு விடுபவர்கள், மீதித் தொகையைக் கொடுக்கும் முன் ஒவ்வொரு சிலிண்டரின் கேஜ் எண்ணையும் நேரில் பார்த்து ரசீதில் எழுதி வாங்குங்கள். எண்களுக்கிடையே 15 விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு இருந்தால் வண்டியை எடுக்காதீர்கள். கழற்றிய பழைய பிஸ்டன்களையும், போரிங் செய்த லேத் பட்டறையின் தனி ரசீதையும் கேளுங்கள். எங்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர அவர்கள் மறுத்துவிட்டதால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் அளிக்கவிருக்கிறோம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அதற்குக் கட்டணம் கிடையாது. 2 ஆண்டுகளுக்குள் அளிக்க வேண்டும்.