கோலாலம்பூரில் நாசி கண்டார் சாப்பிடப் போகிறீர்களா? கரண்டி தட்டில் விழும் முன் விலை கேளுங்கள்

போன சனிக்கிழமை அம்மாவும் அத்தையும் தைப்பிங்கிலிருந்து ரயிலேறி வந்தார்கள். அத்தை கடைசியாகக் கோலாலம்பூர் வந்து பத்து வருடம் இருக்கும். இரட்டைக் கோபுரத்தைக் காட்டிவிட்டு, அங்கிருந்து போகும் நடைபாலத்திலேயே புக்கிட் பிந்தாங் வரை கூட்டிக்கொண்டு வந்தேன். மணி இரண்டரை ஆகிவிட்டது, மூவருக்கும் நல்ல பசி. பேரங்காடிக்குள் சாப்பிட்டால் ஆளுக்கு முப்பது வெள்ளி (ரிங்கிட்) போய்விடும், வெளியே தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடையில் மலிவாகச் சாப்பிடலாம் என்று சொன்னவன் நான்தான். அதனால்தான் இதை எழுதவும் வேண்டியிருக்கிறது.

பெரிய சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் அந்தக் கடை. வாசலில் ஒருவர் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் பேசுவதைக் கேட்டதும் தமிழுக்கு மாறினார். "வாங்கம்மா, வெயில்ல நிக்காதீங்க, உள்ள உட்காருங்க." அம்மாவுக்கு அது போதும். அந்நிய ஊரில் நம் பாஷை காதில் விழுந்தால் மனம் இளகிவிடும்.

நாசி கண்டார் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பினாங்கில் தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் ஒரு தடியின் இரு முனைகளிலும் சோறும் குழம்பும் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து, துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்ற சாப்பாடு அது. அந்தக் காவுதடிக்கு மலாயில் கண்டார் என்று பெயர். உழைக்கிறவன் பசிக்குப் பிறந்த சோறு. இன்றும் நல்ல கடைகளில் சோறு, ஒரு கோழித் துண்டு, வெண்டைக்காய், எல்லாக் குழம்பும் கலந்து 'பஞ்சீர்' ஊற்றி, பத்துப் பன்னிரண்டு வெள்ளிக்குள் வயிறு நிறைந்துவிடும். ஆனால் தட்டைப் பார்த்துக் கண்ணளவில் கணக்குப் போடுவதுதான் பல கடைகளில் வழக்கம். வாங்குகிறவர் விற்கிறவரை நம்புவதால் மட்டுமே நடக்கும் முறை இது. ஏமாற்ற நினைக்கிறவருக்கும் அதுவே வசதியாகப் போய்விடுகிறது.

அத்தை கண்ணாடிக்கு முன்னால் நின்று, "கொஞ்சம் சோறு, காய், ஏதாவது ஒரு மீன் துண்டு" என்றார். சோறு போடும் தம்பி, "மீன் இப்பதான் முடிஞ்சதும்மா, இறால் நல்லா இருக்கு, போடவா?" என்று கேட்டுக்கொண்டே கையளவு இறால் ஒன்றை அத்தை தட்டிலும் ஒன்றை அம்மா தட்டிலும் வைத்துவிட்டார். "சோத்தோங் முட்டை ருசி பாருங்க" என்று கணவாய் முட்டையில் ஒரு பெரிய கட்டி. நான் கோழி மட்டும் கேட்டேன். மேசைக்கு வந்து உட்கார்ந்தால், கேட்காமலே அப்பளமும் உப்பு முட்டையும் ஒரு தட்டில் வந்தன. வீட்டு உபசாரம் போல இருக்கிறதே என்று அம்மா சொன்னது எனக்கு இன்னும் வலிக்கிறது.

சுவரில் விலைப் பட்டியல் இல்லை. குழம்புப் பாத்திரங்களுக்கு முன்னாலும் எதுவும் ஒட்டியிருக்கவில்லை. அப்போதே எழுந்திருக்க வேண்டும்.

பக்கத்து மேசையில் சிமெண்டுக் கறையோடு ஒரு வங்காளதேசத் தொழிலாளி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் சோறு வாங்கும்போது நான் பார்த்தேன். ஒவ்வொரு பாத்திரத்தையும் சுட்டிக்காட்டி "பெராப்பா?" என்று கேட்டார். விலை எவ்வளவு என்று பதில் வந்த பிறகுதான் தட்டை நீட்டினார். முட்டையும் கோஸும் மட்டும் வாங்கினார். இந்த நாட்டில் பிறந்த எனக்கு அந்த ஒரு சொல் வாயில் வரவில்லை.

பில் 135 வெள்ளி 70 காசு. துண்டுச் சீட்டில் 'நாசி 3' என்று ஒரே வரி, கீழே ஆறு விழுக்காடு வரி. பிரித்துச் சொல்லுங்கள் என்று மூன்று முறை கேட்ட பிறகு கவுண்டரில் இருந்தவர் வாயால் சொன்னார். இறால் ஒன்று 28, இரண்டுக்கு 56. கணவாய் முட்டை 22. கோழி 9. காயோடு சோறு தட்டுக்கு 6, மூன்றுக்கு 18. எலுமிச்சைத் தண்ணீர் மூன்று 15. கேட்காத அப்பளமும் உப்பு முட்டையும் 8. ஆக 128, அதன்மேல் வரி. இறால் விலையை முன்பே ஏன் சொல்லவில்லை என்றேன். "நீங்க கேக்கலையே" என்றார். இப்போது அவர் தமிழில் அம்மா என்ற சொல்லே இல்லை. பின்னால் வரிசை நின்றது, அத்தை முகம் சுருங்கிப் போய்த் தன் பையைத் திறந்துவிட்டார். நான் கட்டிவிட்டு வெளியே வந்தேன்.

பெரிய இறாலும் கணவாய் முட்டையும் எந்த நல்ல கடையிலும் விலை கூடியவைதான், அது எனக்குத் தெரியும். அவற்றை விலை சொல்லாமல், மலிவான மீனைக் கேட்ட வயதான பெண்மணி தட்டில் வைத்ததுதான் தவறு. அன்று மீன் முடிந்திருக்கவும் இல்லை. நாங்கள் கைகழுவப் போகும்போது அந்தப் பாத்திரத்தில் நாலைந்து துண்டுகள் கிடந்தன.

வீட்டுக்கு வந்து சீட்டை மறுபடி பார்த்தேன். வரி வாங்கியிருக்கிறார்களே தவிர, சேவை வரிப் பதிவெண் எங்கும் இல்லை. இதைப் பலரும் கவனிப்பதில்லை. ஆண்டு விற்பனை 15 லட்சம் வெள்ளியைத் தாண்டிய உணவகங்கள்தான் சுங்கத் துறையில் பதிந்து இந்த 6 விழுக்காட்டை வசூலிக்க வேண்டும். பதிவெண் சீட்டில் இருக்க வேண்டும். சுங்கத் துறையின் மைஎஸ்எஸ்டி இணையதளத்தில் கடை பதிவு பெற்றதா என்று யாரும் தேடிப் பார்க்கலாம். பதியாத கடை அந்த வரியை வாங்கவே கூடாது. பெரிய உணவகங்களில் வரும் பத்து விழுக்காடு சேவைக் கட்டணம் வேறு, அது கடைக்குப் போவது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

விலை காட்டாமல் விற்பதும் குற்றம். 2011-ஆம் ஆண்டின் விலைக் கட்டுப்பாடு, கொள்ளை லாபத் தடுப்புச் சட்டத்தின் கீழ் உணவுக் கடைகள் விலையைத் தெரியும்படி வைக்க வேண்டும். உள்நாட்டு வாணிபம், வாழ்க்கைச் செலவின அமைச்சிடம் இணையம் வழியாகப் புகார் கொடுக்கலாம். நான் சீட்டின் படத்தையும் தட்டுகளின் படத்தையும் இணைத்துக் கொடுத்தேன். அம்மா ஆசையாக எடுத்த படம் அதற்காவது உதவியது. பணத்தைத் திரும்பக் கேட்க வேண்டுமென்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது, மனுக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை. சீட்டு கொடுக்காத கடையில் காசைக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள், கேட்டு வாங்குங்கள்.

அந்தப் பக்கம் ஜாலான் ஆலோர் உணவுத் தெருவில் கடல் உணவு சாப்பிடப் போகிறவர்களும் பார்த்துக்கொள்ளுங்கள். அட்டையில் போட்டிருப்பது 100 கிராமின் விலையாக இருக்கும். ஒரு மீன் எத்தனை கிராம் வரும் என்பதை நிறுத்துக் காட்டச் சொல்லி, மொத்த விலையைக் கேட்ட பிறகு அடுப்பில் போடச் சொல்லுங்கள். ஊரிலிருந்து பெரியவர்கள் வந்தால் அவர்களைக் கண்ணாடிக்கு முன்னால் தனியாக விடாதீர்கள். அவர்கள் கூச்சப்பட்டு விலை கேட்க மாட்டார்கள், போட்டதை வேண்டாம் என்றும் சொல்ல மாட்டார்கள்.

மறுநாள் காலையில் பிரிக்பீல்ட்ஸில் தோசை சாப்பிடக் கூப்பிட்டேன். அத்தை வரவில்லை. ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தும், வீட்டிலேயே ரொட்டியைச் சுட்டு டப்பாவில் போட்டுக்கொண்டு கிளம்பினார். புகார் எண் நேற்று வந்திருக்கிறது. அமைச்சிலிருந்து பதில் வந்ததும் இங்கேயே கீழே சேர்க்கிறேன்.